கும்பம்: பொறுமை

செலினோ தீவின் கீழ்ப்பாதியைத் தேதிக்கட்டு மறைத்திருந்தது.

மேல்பாதியில் குறை ஒன்றும் இல்லை. மலை இருந்தது. மலைச்சரிவில் சுண்ணாம்பு அடித்த வீடுகள் படிப்படியாக இறங்கின. நீலக் கும்மட்டம் வைத்த சர்ச் ஒன்று இருந்தது. அதற்கு மேல் மத்தியதரைக் கடலின் வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. கீழே, கடற்கரையும் துறையும் இருக்க வேண்டிய இடத்தில், நாலு மாடி உயரத்துக்குத் தாள் தொங்கியது. அதில் 14 என்று போட்டிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஜூன்.

சண்முகக்கனிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் சிவகாசிக்காரி. அவள் புருஷன் காளிராஜன் முப்பத்தொரு வருடமாகத் தினசரி காலண்டர் போடுகிறவர். அட்டையில் மேலே படம், கீழே தேதிக்கட்டு, கட்டின் தலையில் இரண்டு பின். இயற்கைக் காட்சி என்றால் அப்படித்தான் இருக்கும். தேதிக்கட்டு இல்லாத காட்சி வேலை முடியாத சரக்கு.

அவளுக்குக் கோபம் வேறு விஷயத்தில். காலை ஏழு மணிக்குக் காளிராஜன் அந்தக் கட்டுக்குப் பின்னால் போனார். மணி பத்தாகிவிட்டது. ஆளைக் காணோம். பன்னிரண்டு மணிக்குக் கப்பல்.

காலண்டர் அட்டை விற்கிற கம்பெனிக்காரர்கள், அதிக அட்டை வாங்கியவர் என்று காளிராஜனுக்கு இந்தச் சொகுசுச் சுற்றுலாவைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். ஆறு பகல், ஐந்து இரவு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வரலாம். 'கூட்டிக்கொண்டு வரலாம்' என்ற வார்த்தையை அவர் வீட்டில் நாலு தடவை படித்துக் காட்டினார். சண்முகக்கனி புதுச் செருப்பு வாங்கினாள். அவர் வேட்டியை விட்டு, பூப்போட்ட அரைக்கால் சட்டை ஒன்று வாங்கினார். அது அவருக்கு நன்றாக இல்லை. அவள் சொல்லவில்லை.

ஓட்டலில் தினமும் காலை ஏழு மணிக்குத் தேதி கிழிக்கும் வைபவம். விருந்தாளிகளில் ஒருவரை அழைத்துக் கிழிக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். தீவு ஒரு நாள் முன்னால் நகரும். இன்று காளிராஜன் முறை. கயிற்றைப் பிடித்து இழுத்தார். 13 சரசரவென்று கிழிந்து கடலில் விழுந்தது. கை தட்டினார்கள். அவர் கட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கட்டு நல்ல கனமா இருக்கு கனி. பின் எப்படி அடிச்சிருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்றார்.

பக்கவாட்டில் நுழைந்தார். அவ்வளவுதான்.

சண்முகக்கனி மேனேஜரிடம் போனாள். அவர் அறைக்குப் போகும் வராந்தா, அவள் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. மறுபடி நடந்தாள். அதுவும் நீண்டது. கடைசியில் மேனேஜரே மேஜை நாற்காலியோடு எதிரே வந்து சேர்ந்தார். அவர் பேசியது தமிழ்தான். ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

"என் வீட்டுக்காரரு அந்தத் தாளுக்குப் பின்னாடி போனாரு. மூணு மணி நேரமாச்சு. வரல."

மேனேஜர் எழுந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது.

"காட்சியில் ஆள் தெரிந்தாரா, அம்மா?"

"என்னது?"

"நீங்கள் இயற்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குறுக்கே ஓர் ஆள் தெரிந்தாரா?"

"ஆள் இல்லைய்யா. என் வீட்டுக்காரரு."

"மிகவும் வருந்துகிறோம்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவம் எடுத்தார். 'காட்சியில் மனிதர் தென்பட்டமைக்கு மன்னிப்பு' என்று தலைப்பில் இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் தென்பட்டார்?"

"முப்பத்தொரு வருசம்."

அவர் அதை எழுதிக்கொண்டார். உச்சுக் கொட்டினார்.

"இத்தனை காலம் சகித்திருக்கிறீர்கள். இனிமேல் அவர் தெரிய மாட்டார். ஓட்டல் உத்தரவாதம் தருகிறது."

மன்னிப்பின் அடையாளமாக ஒரு தட்டு திராட்சை வந்தது. சண்முகக்கனி தட்டைத் தள்ளினாள். தட்டு அப்படியே இருந்தது. மேஜை நகர்ந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு அவரு வேணும். பன்னெண்டு மணிக்குக் கப்பல் இருக்கு. ரெண்டு பேரா வந்தோம், ரெண்டு பேராத்தான் போவேன்."

"இரண்டு பேராக வந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி?"

அவள் செல்போனை எடுத்தாள். இந்த ஐந்து நாளில் அவள் காளிராஜனைப் பதினொரு படம் எடுத்திருந்தாள். பதினொன்றிலும் மலை இருந்தது, வானம் இருந்தது. அவர் நின்ற இடத்தில் தேதிக்கட்டு இருந்தது. ஒன்பதாம் தேதிப் படத்தில் 9 இருந்தது. பத்தாம் தேதிப் படத்தில் 10 இருந்தது.

"அழகான படங்கள். ஆள் யாரும் இல்லை" என்றார் மேனேஜர்.

காளிராஜன் எடுத்த படங்களைக் காட்டலாம் என்றால் அவர் போன் அவரிடம் இருந்தது. அதைக் காட்டியும் பயன் இல்லை. அவர் எடுக்கிற படத்தில் அவள் இருக்க மாட்டாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படித்தான். எந்த ஊருக்குப் போனாலும் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, இடது கையை ஈ விரட்டுவது மாதிரி ஆட்டுவார். "கனி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளு. மறைக்குது." அவளும் தள்ளுவாள். குற்றாலத்தில் அருவி இருக்கிறது, அவள் இல்லை. கன்னியாகுமரியில் சூரியன் இருக்கிறது, அவள் இல்லை. கொடைக்கானலில் ஏரி இருக்கிறது, அவளுடைய குடையின் நுனி இருக்கிறது. நுனியையும் வெட்டிவிட்டுத்தான் அந்தப் படத்தைக் காலண்டரில் போட்டார்.

அதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அவர் மேல் வந்த கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன மனுசனாய்யா? ஒரு பொம்பளை புருசனக் காணோம்னு வந்து நிக்கேன், திராட்சை குடுக்க?"

மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தேதித் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை பலன் போட்டிருந்தது.

"உங்கள் ராசி?"

"கும்பம். எதுக்கு?"

"கும்பம், பொறுமை. இன்று நீங்கள் கோபமாக இருக்க இயலாது, அம்மா."

"இருக்கேனே."

"தாளில் இல்லை. கோபம் இன்று விருச்சிகத்துக்கு. பன்னிரண்டாம் அறையில் பெல்ஜியம் நாட்டுப் பெண்மணி ஒருவர் விருச்சிகம். அவரும் தம் பங்கைக் காலை எட்டு மணிக்கே ஒரு முட்டையிடம் காட்டி முடித்துவிட்டார். இன்றைய கோபம் தீர்ந்தது."

சண்முகக்கனி வாயைத் திறந்தாள். கோபம் கழுத்து வரை வந்தது. அங்கே யாரோ மூடி போட்டது போல நின்றுவிட்டது. பொறுமை என்ற அந்த வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. எங்கே பார்த்தோம் என்றுதான் பிடிபடவில்லை.

"ஒரு வழி இருக்கிறது" என்றார் மேனேஜர். "அவரை ஒரு பாறையாக வெளியே கொண்டுவரலாம். பாறை தெரியலாம். விதியில் இடம் உண்டு."

"பாறைய வச்சுக்கிட்டு நான் சிவகாசியில என்ன பண்ண?"

"பாறைக்குக் கப்பலில் டிக்கெட் வேண்டாம்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். திரும்பும்போது வராந்தா மூன்று அடிதான் இருந்தது.

வெளியே ஆலிவ் மரத்துக்கு ஹில்டா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹில்டா பக்கத்து அறை ஜெர்மன்காரி. அந்த மரம் அவள் புருஷன். வந்த மூன்றாம் நாள் வரை அவர் மனிதர்தான். கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார், நின்ற இடத்தில் வேர் விட்டுவிட்டார். நேற்று தோட்டக்காரர் அவருக்குக் கிளை கழித்துவிட்டுப் போனார்.

"உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிட்டாங்களா?" என்றாள் ஹில்டா.

"பாறையாம்."

"பாறை நல்லதுதான். தண்ணி ஊத்த வேண்டாம்."

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

ஹில்டா சற்று யோசித்தாள். "என் ராசிக்கு இன்னைக்கு நிம்மதி. நேத்தும் நிம்மதிதான். இவரு ஆளா இருக்கும்போது யாரும் திரும்பிப் பாக்கல. இப்போ எல்லாரும் நின்னு போட்டோ எடுக்காங்க."

ஆலிவ் மரம் லேசாக அசைந்தது. ஓர் இலை ஹில்டாவின் தோளில் விழுந்தது. ஹில்டா அதை எடுத்து வாளியில் போட்டாள்.

சண்முகக்கனி கீழே இறங்கத் தொடங்கினாள். அறுபது படி என்று பலகை சொன்னது. அறுபது இறங்கினாள். அங்கே இன்னொரு பலகை இருந்தது. அறுபது படி என்று அதுவும் சொன்னது. மறுபடி அறுபது இறங்கினாள். மறுபடி பலகை. அவள் புதுச் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அடுத்த படியை ஓங்கி ஓர் அடி அடித்தாள். மீதிப் படிகள் ஒழுங்காக இருந்தன.

கட்டின் அடி தரையில் இருந்து முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. காகித வாசனையும் மை வாசனையும் அடித்தன. அவளுக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. அது பிடிக்கவில்லை. தாளின் மூலையில் அச்சிட்டவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தே முழ உயரம் இருந்தது. படித்துப் பார்த்தாள். சிவகாசியில் இருக்கிற அவர்களுடைய அச்சகம்தான்.

மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தாள் கிழிப்போம். டிசம்பர் முப்பத்தொன்று கடைசித் தாள். அன்று உங்கள் கணவர் வெளிப்படுவார்."

"அன்னைக்கே அடுத்த வருசக் கட்ட அடிச்சிருவீங்கல்ல?"

"மதியத்துக்குள் அடித்துவிடுவோம்."

"அவரு எப்போ வெளிய வருவாரு?"

"மதியத்துக்குள் வந்தால் உண்டு."

சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்தது. வேடிக்கையான சிரிப்பு இல்லை. காலண்டர் என்றால் கிழிப்பது என்றுதான் இந்த உலகத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் குளித்துவிட்டு வந்து தேதி கிழிக்கிற உரிமை காளிராஜனுடையது. முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு தாள் கிழித்தது கிடையாது. அவர் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டில் பழைய தேதியே இருக்கும். கிழிக்கிறவர் அவர். துடைக்கிறவள் அவள். கட்டுக்குப் பின்னால் பல்லி முட்டையிடும், சிலந்தி வலை கட்டும். துடைக்க வேண்டுமென்றால் ஒன்றையும் கிழிக்க வேண்டியதில்லை. கட்டுக்குத் தலையில்தான் பின். அடிப்பக்கம் சும்மா தொங்குகிறது. ஒரு கையால் மொத்தத்தையும் தூக்கினால் ஆயிற்று.

அவள் கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்தாள். கடை ஷட்டரைத் தூக்குவது மாதிரி, டிசம்பர் வரைக்குமான தாளை அடியில் பிடித்து, தம் கட்டித் தூக்கினாள்.

தூக்கித் தோளில் தாங்கிக்கொண்டாள். முதுகு நொறுங்கியது. உள்ளே பார்த்தாள்.

உள்ளே வெயில் படாத நிறம். அட்டையில் கட்டு மறைத்த இடம் மட்டும் வெளுக்காமல் இருக்குமே, அந்த நிறம். கடல் இங்கே இன்னும் நீலமாக இருந்தது. மணல் இன்னும் மஞ்சளாக இருந்தது. அந்த மணல் முழுக்க ஆட்கள். மீன் செதில் உரசுகிறவர்கள், வலை பிரிக்கிறவர்கள், ஓட்டல் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து உதறுகிறவர்கள், கவிழ்த்த படகில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள். நானூறு ஐந்நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

முன்னால் ஒரு பெண் நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் நீல வாளி.

அந்தப் பெண்ணைச் சண்முகக்கனிக்குத் தெரியும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் போட்ட முதல் இயற்கைக் காட்சி. இதே மலை, இதே கும்மட்டம். படத்தின் கீழ்ப்பாதியில் ஒரே கூட்டம், நடுவில் நீல வாளியோடு ஒரு பெண். சாம்பிள் பார்த்த ஜவுளிக்கடைக்காரர், படம் அருமை, ஆட்கள்தான் இடைஞ்சல் என்றார். காளிராஜன் உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "கனி, கட்ட ஓர் இஞ்சு மேல ஏத்தி அடி. ஆள் தெரியக் கூடாது." பின் அடிக்கிற மிஷினில் அப்போது உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஓர் இஞ்சு ஏற்றினாள். வாளிக்காரியின் முகத்தின் மேல் தாளை வைத்தாள். பெடலை மிதித்தாள். அன்றில் இருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தத் தீவு வந்தாலும், எந்தக் கரை வந்தாலும், ஆள் இருக்கிற இடம் பார்த்துக் கட்டு.

"நீதானா?" என்றாள் வாளிக்காரி.

"நான்தான்."

"வாளிய கீழ வைக்கலாம்னு குனிஞ்சேன். தாளு வந்து விழுந்திருச்சு. அப்போ இருந்து கையிலயே வச்சிருக்கேன்."

சண்முகக்கனிக்கு அவமானமாக இருந்தது. தலையைக் குனியலாம் என்றால் தோளில் கட்டு இருந்தது. அவமானம் வந்ததும் கோபம் குறையும் என்பார்கள். அவளுக்கு இரண்டு மடங்காகக் கூடியது. மேனேஜர் மேலே, ஜவுளிக்கடைக்காரர் மேலே, பெடலை மிதித்த தன் கால் மேலே.

"என்னங்க!" என்று கத்தினாள்.

காளிராஜன் கூட்டத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். பூப்போட்ட அரைக்கால் சட்டைக்கு மேல் யாரோ அவருக்கு வெள்ளை ஏப்ரன் கட்டிவிட்டிருந்தார்கள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. முகத்தில் சந்தோஷம்.

"வந்துட்டியா கனி? பின் பிரமாதமா அடிச்சிருக்கான். நாலு வருசம் ஆனாலும் அசையாது."

"வெளிய வாங்க. கப்பலுக்கு நேரமாச்சு."

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். அவள் தோளுக்கு மேலே, வெளியே தெரிந்த மலையையும் கும்மட்டத்தையும் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். படத்தை அளவு பார்க்கும்போது அப்படித்தான் சுருக்குவார்.

"நான் வந்தா காட்சி கெட்டுருமே" என்றார்.

"என்னது?"

"மேல எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. நடுவுல நான் நின்னா நல்லாவா இருக்கும்? அதுவும் இந்த டவுசரோட. ஆள் தெரியக் கூடாது கனி. நம்ம வழக்கமே அதான்."

"உங்களத் தேடிக்கிட்டு நான் வந்து நிக்கேன்ங்க. முதுகு ஒடியுது."

"ஓரம் மடங்கிறாமப் பாத்து இறக்கு. மடங்குனா திரும்ப நிமிராது."

மேனேஜர் அவருக்கு ஆதரவாகத் தலையாட்டினார். "எவ்வளவு பொறுப்பான மனிதர்!"

சண்முகக்கனிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனுஷனுக்காக அறுபது அறுபதாகப் படி இறங்கி வந்திருக்கிறாள். இவர் ஓரம் மடங்கிவிடும் என்கிறார். தாளைப் போட்டுவிட்டு, தனியாகக் கப்பல் ஏறி, சிவகாசியில் போய் இறங்கி, கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். தாள் ஒரு சாண் இறங்கியது. வாளிக்காரி தாளை அண்ணாந்து பார்த்தாள். வாளியை வலது கையில் இருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மறுபடி நீண்ட நாள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகிறாள். அதைப் பார்த்ததும் சண்முகக்கனி தோளை மறுபடி நிமிர்த்தினாள்.

"அம்மா, தாளை இறக்குங்கள்" என்றார் மேனேஜர். "கும்பம், பொறுமை. தாளிலேயே போட்டிருக்கிறது."

அவள் தலையைத் திருப்பினாள். தோளில் கிடந்த தாளின் ஓரத்தில் எழுத்து தெரிந்தது. பொறுமை. இப்போது பிடிபட்டது, எங்கே பார்த்தோம் என்று.

நட்சத்திரமும் ராகு காலமும் ஜோசியர் எழுதிக் கொடுப்பார். ராசிக்கு ஒரு வார்த்தை மட்டும் அச்சகத்திலேயே போட்டுக்கொள்வது. காளிராஜன் முன்னறையில் இருந்து கத்துவார். "கனி, ஜூன் பதினாலுக்குப் பன்னெண்டு வார்த்தை சொல்லு." அவள் அடுப்படியில் இருந்து சொல்லுவாள். குழம்பில் உப்புப் போட்டுக்கொண்டே, மேஷத்துக்கு உயர்வு, ரிஷபத்துக்குச் செலவு. மாமியார் விருச்சிகம், அதனால் கோபத்தை அங்கே போட்டுவிடுவாள். சுகம், லாபம், புகழ் எல்லாம் யார் யாருக்கோ போகும். கடைசியில் கும்பம் வரும். அது அவள் ராசி. மிச்சம் இருப்பதைத் தனக்கு வைத்துக்கொள்வாள். வருடம் முழுக்க, முப்பத்தொரு வருடமும், கும்பத்துக்குப் பொறுமை. யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. அவளேதான் செய்தாள்.

"கும்பம், கோபம்" என்றாள்.

"கோபம் விருச்சிகத்துக்கு—" என்று மேனேஜர் தொடங்கினார்.

"எழுதினவ நான்யா."

சத்தமாகச் சொல்லவில்லை. கழுத்தில் இருந்த மூடி கழன்றதை அவளே உணர்ந்தாள். மேனேஜர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

அவள் காளிராஜனைப் பார்த்தாள். "பின்னப் பாத்தேன்னீங்களே. இடது பின்னப் பாத்தீங்களா?"

"அது... வலது பக்கம்தான் பாத்தேன்."

"நம்ம மிஷின்ல இடது பின் பாதிதான் இறங்கும். மிஷின மாத்துங்க, மாத்துங்கன்னு பத்து வருசமாச் சொல்லுதேன். எந்தக் காதுல வாங்குனீங்க?"

கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். இடது பக்கமாக முறுக்கினாள். உடம்பில் இருந்த கோபம் மொத்தமும் கைக்கு வந்தது. மேலே எங்கோ டப் என்று சத்தம் கேட்டது. இடது பின் கழன்று சர்ச்சின் மணியில் போய் மோதியது. வலது பின் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

ஜூனில் இருந்து டிசம்பர் வரை மொத்தமும் சரிந்து கடலில் விழுந்தது. தீபாவளி மிதந்தது. ஆடிப்பெருக்கு மிதந்தது. பதினாலு மட்டும் அலையில் கொஞ்ச தூரம் போய் மூழ்கியது.

தீவு முழுசாகத் தெரிந்தது.

வாளிக்காரி வாளியைக் கீழே வைத்தாள். விரலை மடக்கவும் நீட்டவும் செய்து பார்த்தாள். உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் வெயிலுக்கு வந்தார்கள். ஓட்டல் மொட்டைமாடியில் இருந்து கூச்சல் கேட்டது. "ஆட்கள்! காட்சியில் ஆட்கள்!" பெல்ஜியம் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டாள். ராசித் தாள் இல்லாததால் கோபப்படலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் முழித்தார்கள். மேனேஜர் மன்னிப்புப் படிவங்களை எடுத்துக்கொண்டு படி ஏறினார். அறுபது ஏறினார். பலகை அறுபது என்றது. மறுபடி ஏறினார். ஆலிவ் மரம் பாதி மனுஷக் குரலில் இருமியது. ஹில்டா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கப்பல்காரன் துறையில் நின்று தலையைச் சொறிந்தான். "எந்தத் தேதிக் கப்பல் இது?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அவன் நங்கூரத்தை மறுபடி போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

காளிராஜன் கரையில் வந்து நின்றார். வர மாட்டேன் என்று சொல்லி மறைந்துகொள்ள இப்போது கட்டு இல்லை. கையில் இருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தார். அதை ஏப்ரன் பையில் போட்டார். அவர் கண் கடலையும் மலையையும் சேர்த்துப் பார்த்தது. இந்தப் படத்தை அவர் முழுசாகப் பார்த்து முப்பது வருடம் ஆகிறது.

பழக்கம் யாரை விட்டது! போனை எடுத்தார். கண்ணுக்கு நேரே பிடித்தார். நட்டநடுவில் சண்முகக்கனி நின்றாள். முந்தானை இடுப்பில், முடி கலைந்து, ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு தரையில். பின்னால் நானூறு ஐந்நூறு பேர்.

காளிராஜனின் இடது கை தானாக எழுந்தது. ஈ விரட்டுவது மாதிரி ஆடியது.

"கனி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளு" என்றார். "மறைக்குது."

அவள் அவரைப் பார்த்தாள். அவரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தாள். கிடைத்துவிட்டார். கோபம் ஒரு துளி குறையவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

வாளிக்காரி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். செதில் உரசினவர்கள் வந்தார்கள். விரிப்புப் பிழிந்தவர்கள் ஈரக் கையோடு வந்தார்கள்.

காளிராஜன் கையை இன்னொரு தடவை ஆட்டினார். பிறகு, நகர்ந்துவிடுவாள் என்று காத்திருந்தார்.

தேதி இல்லாததால் செலினோவில் அதற்கப்புறம் மறுநாள் வரவில்லை. காளிராஜன் போனைப் பிடித்த கையை இறக்காமல் கரையில் நிற்கிறார். அவள் இன்னும் நகரவில்லை.